தண்ணி எப்படி விழுது?

சீசன் தொடங்கிவிட்டால் எங்கள் ஊர்க்காரர்களிடம் யாரும் சுகம் விசாரிப்பதில்லை. மதுரையிலிருந்து போன் வரும், சென்னையிலிருந்து வரும், கொல்லத்திலிருந்து வரும். எடுத்த எடுப்பில் ஒரே கேள்விதான்: "தண்ணி எப்படி விழுது?" தென்காசியில் ஜவுளிக்கடை வைத்திருப்பவரிடமும் இதைத்தான் கேட்பார்கள், பல் டாக்டரிடமும் இதைத்தான் கேட்பார்கள். சொந்தத்தில் ஒரு துக்கத்தைச் சொல்லப் போன் செய்தவர்கள்கூட, அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு, அருவியில் தண்ணீர் வருகிறதா என்று கேட்டுவிட்டுத்தான் வைப்பார்கள்.

எங்கள் வீட்டில் அந்தக் கேள்விதான் சோறு போட்டது. குற்றாலத்திலிருந்து இலஞ்சி போகிற சாலையில் வீடு. கீழே அப்பா, அம்மா, நான். மாடியில் சீசனுக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடும் அறைகள். லாட்ஜ் என்று சொன்னால் அப்பாவுக்கு மூக்கு விடைத்துவிடும். 'ரூம்' என்றுதான் சொல்ல வேண்டும்.

அப்பாவுக்கு ஒரு வைராக்கியம் உண்டு. கண்ணால் பார்க்காமல் தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். விடியற்காலையில் மொபெட்டை எடுத்துக்கொண்டு மெயின் அருவிக்குப் போவார், அங்கிருந்து ஐந்தருவிக்குப் போவார், திரும்பி வந்த பிறகுதான் போனையே கையில் எடுப்பார். தண்ணீர் இல்லையென்றால் இல்லை, வராதீர்கள் என்று சொல்லிவிடுவார். அறைகள் பூட்டிக் கிடந்தாலும் சரி, அந்த விஷயத்தில் ஒரு சொட்டு கூட்டியோ குறைத்தோ பேச மாட்டார்.

இவ்வளவு பாடுபட்டுப் பார்த்துவிட்டு வந்து அவர் சொல்வது என்ன தெரியுமா? "நல்லாத்தான் விழுது." அவ்வளவுதான்! எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போதே வாடிக்கையாளர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் தினமும் செய்தி போடுகிற வேலை என் தலையில் விழுந்திருந்தது. 'நல்லாத்தான் விழுது' என்பதை வைத்துக்கொண்டு நான் என்ன எழுத? அதனால் போலீஸ் மாதிரி அவரைக் குடைந்தெடுப்பேன். பாதுகாப்பு வளைவைத் தாண்டிக் கொட்டுகிறதா, உள்ளே தள்ளி விழுகிறதா? ஐந்தருவியில் எத்தனை பிரிவில் தண்ணீர்? சாரல் பழக்கடை வரைக்கும் வருகிறதா? மங்குஸ்தான் வந்தாச்சா? அவர் டீயை ஆற்றிக்கொண்டே ஒவ்வொன்றாகச் சொல்வார். நான் எழுதுவேன்: "மெயின் அருவியில் ஆண்கள் பக்கம் முதுகில் அறைகிறது, பெண்கள் பக்கம் தட்டிக்கொடுக்கிறது. காற்று கொஞ்சம் கிறுக்குப் பிடித்து அடிக்கிறது, குழந்தைகளுக்குக் குல்லாய் கொண்டு வரவும்." கடைசியில் எப்போதும் ஒரே வரி: "ரூம் இருக்கிறது. வாருங்கள்."

நான் பதினொன்றாம் வகுப்பில் இருந்தபோது எர்ணாகுளத்திலிருந்து ஒரு குடும்பம் வந்து தங்கியது. எல்லோரும் குளிக்கப் போய்விட, கல்லூரியில் படிக்கிற அவர்களுடைய மகள் மட்டும் கீழே எங்கள் வரவேற்பு மேஜைக்கு எதிரே உட்கார்ந்து என்னவோ எழுதிக்கொண்டிருந்தாள். குளிக்கப் போகவில்லையா என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டேன். வீட்டுப்பாடம் இருக்கிறது என்றாள். என்ன பாடம் என்றேன். பக்கத்து அறையில் யாரோ பேசுவதைக் காதால் கேட்டு, பேசுகிறவர் எப்படிப்பட்டவர் என்று ஒரு பக்கம் எழுத வேண்டுமாம். ஆங்கில இலக்கியமும் படைப்பெழுத்தும் சேர்த்து அவள் இளங்கலை படிக்கிறாளாம்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒட்டுக்கேட்பது வீட்டுப்பாடமா? மாடியில் எந்த அறையில் என்ன சண்டை என்று எனக்குத் தெரியாத நாளே கிடையாது. இதற்கு ஒரு டிகிரியே தருகிறார்கள் என்று இத்தனை நாள் யாரும் எனக்குச் சொல்லவில்லையே! அவள் ஊருக்குக் கிளம்புகிறவரைக்கும் நான் அவளை விடவில்லை. குளிக்கவும் விடவில்லை என்றுதான் சொல்ல வேண்டும், பாவம். வகுப்பில் ஒவ்வொருவரும் எழுதியதை எல்லோருமாகப் படித்துப் பிய்த்து எடுப்பார்கள், சிலர் அழுதுவிடுவார்கள் என்று அவள் சொன்னபோது எனக்கு இன்னும் ஆசை கூடியது. பிய்த்து எடுக்க எனக்கு அவ்வளவு வரும்.

அன்றிலிருந்து ஒரு வருஷம் நான் போட்ட திட்டம் சாதாரணத் திட்டமா! சென்னையில் அதே மாதிரி ஒரு படிப்பு இருந்த கல்லூரியைத் தேடிப் பிடித்தேன். முதல் வருஷம் கவிதையும் நாடகமும், இரண்டாம் வருஷம் சிறுகதைப் பட்டறை, மூன்றாம் வருஷம் சொந்தமாக ஒரு புத்தகம் அளவுக்கு எழுதித் தர வேண்டும். சாப்பாட்டுக் கடைப் பையன் இருப்பதைச் சொல்வது போல மூச்சுவிடாமல் ஒப்பிப்பேன். பெங்களூர்க்காரர்கள் அறை எடுத்தால் வெந்நீர் கொண்டு போகிற சாக்கில் ஆங்கிலம் பேசிப் பழகினேன். விருந்தினர்கள் மறந்துவிட்டுப் போகிற ஆங்கிலப் புத்தகங்களை அடுத்த சீசன் வரை பத்திரமாக வைத்திருக்க வேண்டும், யாரும் கேட்காவிட்டால் எனக்கு என்பது வீட்டுச் சட்டம். ஈரத் துண்டோடு கிடந்து அப்பளம் மாதிரி உப்பிப்போன நாவல்கள். பலதில் கடைசிப் பக்கங்கள் இருக்காது. முடிவை நானே யோசித்து முடித்துக்கொள்வேன்.

சொதிக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்த அம்மாவிடம்தான் முழுத் திட்டத்தையும் முதலில் அவிழ்த்தேன். அம்மா துருவுவதை நிறுத்தாமலே கேட்டாள். "எல்லாம் கொள்ளாம். அப்பாட்ட யாரு சொல்லுதது?"

அங்கேதான் இடித்தது. நான் படித்தது உயிரியல் பிரிவு. நர்சிங் சேரப் போகிறேன் என்று அப்பா ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்று, நல்ல மார்க் வந்த தைரியத்தில் சொல்லிவிட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார், "போட்டுப் பாரு" என்றார். அது போதும் எனக்கு. அன்று சாயங்காலமே விண்ணப்பித்துவிட்டேன்.

விண்ணப்பத்தோடு ஒரு பக்கம் எழுதி அனுப்பச் சொல்லியிருந்தார்கள், தெரிந்த ஓர் இடத்தைப் பற்றி, ஆங்கிலத்தில். அந்த வருஷம் பார்த்து சீசன் முந்திக்கொண்டது. கோடை விடுமுறை முடிவதற்குள் மழை பிடித்து அருவியில் வெள்ளம். மாடியில் எல்லா அறையிலும் ஆள். வரவேற்பு மேஜையில் உட்கார்ந்து நான் அந்த ஒரு பக்கத்தை எழுத, ஒருவர் வாளி கேட்பார், ஒருவர் பழைய குற்றாலத்துக்கு ஆட்டோ கேட்பார், ஒரு குழந்தை வந்து என் பேனாவைக் கேட்கும். எழுதிவிட்டு, ஐந்தருவியின் பிரிவுகளை ஐந்து சகோதரிகளாக்கிவிட்டோமே, கொஞ்சம் அதிகமோ என்று யோசித்துக்கொண்டே அனுப்பியும் விட்டேன்.

மறுநாள் அதை எடுத்து ஆசை ஆசையாகப் படித்தேன். கடைசி வரிக்கு வந்ததும் நான் போட்ட சத்தத்தில், பல்லி விழுந்துவிட்டது என்று நினைத்து அம்மா விளக்குமாற்றோடு ஓடி வந்தாள். பல்லி விழுந்திருந்தால் எவ்வளவோ தேவலை. சென்னையிலிருக்கும் பேராசிரியர்களுக்கு நான் அனுப்பிய இலக்கியத்தின் கடைசி வரி இது: "ரூம்ஸ் அவைலபிள். ப்ளீஸ் கம்."

கைப்பழக்கம்! தினமும் எழுதி எழுதி விரல் தானாகவே எழுதியிருக்கிறது. உலகத்தில் வேறு எந்த ஊர்ப் பிள்ளையாவது இப்படி ஒரு கூத்து அடிக்குமா? அம்மா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். நான் இரண்டு வேளை சாப்பிடவில்லை. கதை முடிந்தது என்றே இருந்தேன். ஆனால் வீடியோவில் நேர்காணல், இன்ன நாள் இன்ன நேரம் என்று தகவல் வந்தது. அதைப் பார்த்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. மாடிக்கும் கீழுக்குமாக ஓடினேன். எதற்கு ஓடினேன் என்று கேட்டால் தெரியாது.

நேர்காணல் அன்று விடிந்ததிலிருந்து அடைமழை. எல்லா அருவியிலும் குளிக்கத் தடை போட்டுவிட்டார்கள். அப்படிப்பட்ட நாளில் எங்கள் வீடு பொருட்காட்சிதான். குளிக்க வந்தவர்கள் குளிக்க முடியாமல் படிக்கட்டெல்லாம் உட்கார்ந்திருப்பார்கள். போதாக்குறைக்கு, வருஷா வருஷம் சீசனுக்கு வரும் அப்பாவின் அக்கா, சுரண்டை அத்தை, குடும்பத்தோடு வந்து இறங்கியிருந்தாள். சிக்னல் கிடைக்கிற ஒரே இடம் மாடிப்படித் திருப்பம். அங்கே ஒரு ஸ்டூலைப் போட்டு, போனை ஜன்னல் கம்பியில் செருகி உட்கார்ந்தேன்.

திரையில் ஒரு பேராசிரியை, பக்கத்தில் ஒருவர். முதல் கேள்விக்கு நான் வாயைத் திறக்கவும், எனக்குப் பின்னால் ஒருவர் மாடியேறவும் சரியாக இருந்தது. எண்ணெய் மசாஜ் செய்து முடித்த பிறகு தடை போட்டிருக்கிறார்கள் என்று தெரிந்து திரும்பி வந்த விருந்தினர். இடுப்பில் துண்டு, தலையிலிருந்து கால் வரை பளபளவென்று எண்ணெய், அத்தனை பெரிய தொந்தி. "பாப்பா, ஹீட்டர் வேலை செய்யுதா?" என்று கேட்டுக்கொண்டே கேமராவுக்குள் குனிந்து பார்த்தார். அந்த அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். யார் இவர் என்று ஆங்கிலத்தில் கேட்டார். வேறு வழியில்லாமல் நான் எண்ணெய்க் கதையைச் சொல்ல ஆரம்பித்தேன்; தடை, துண்டு, ஒரே ஒரு ஹீட்டர், அதற்கு நிற்கிற வரிசை எல்லாம். சொல்லச் சொல்ல எனக்கே உற்சாகம் தாங்கவில்லை. இலக்கணம் எங்கே போனதோ, நான் போய்க்கொண்டே இருந்தேன்.

பிறகு அந்தக் கடைசி வரியைப் பற்றிக் கேட்டார். யோசித்து வைத்த உத்தியா அது? ஆமாம் என்று தலையாட்டியிருக்கலாம். ஆனால் தண்ணீர் விஷயத்தில் அப்பாவின் வைராக்கியம் எனக்கும் கொஞ்சம் ஒட்டியிருக்கிறது போல. இல்லை மேடம், கைப்பழக்கத்தில் வந்த தப்பு என்று சொல்லிவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. அந்த வரி இல்லாவிட்டால் இந்தப் பக்கம் யாருக்காக எழுதப்பட்டது என்று கேட்டார். இங்கே வர ஆசைப்பட்டு, வர முடியாமல் தூரத்தில் போனைப் பிடித்துக்கொண்டிருக்கிறவருக்கு என்றேன். அவர் பக்கத்திலிருந்தவரைப் பார்த்தார். நேர்காணல் முடிந்தது.

இடம் கிடைத்துவிட்டது! வெள்ளிக்கிழமைக்குள் பணம் கட்டி உறுதி செய்ய வேண்டும், இல்லையென்றால் அடுத்த ஆளுக்குப் போய்விடும். நான் குதித்த குதியில் மாடி விருந்தினர்களுக்கெல்லாம் விஷயம் தெரிந்து, எண்ணெய்க்காரர் பால்கோவா வாங்கிக் கொடுத்தார். அப்பா மட்டும் ஹீட்டரைப் பார்க்கிறேன் என்று மாடிக்குப் போய்விட்டார். அருவித் தடை நீடித்ததால் அத்தைக்கும் வேறு வேலையில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு சபை கூடிவிட்டது.

கதை எழுதுவதற்கு ஒரு படிப்பா, அதைப் படித்துவிட்டு யார் வேலை கொடுப்பார்கள் என்று அத்தை ஆரம்பித்தாள். தன் மகன் நர்சிங் முடித்து குவைத்துக்குப் போனதைச் சொன்னாள். சுரண்டையில் தன் வீட்டிலேயே தங்கி பி.காம். படிக்கட்டும் என்றாள். வாத்தியார் வேலைக்குப் போகலாம், மொழிபெயர்ப்பு இருக்கிறது, பத்திரிகை இருக்கிறது, விளம்பரம் எழுதலாம் என்று நான் அடுக்க அடுக்க, அவள் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு அப்பாவைத்தான் பார்த்தாள். "ஏலே, பொம்பளப் பிள்ளைய அம்புட்டுத் தூரம் தனியா விட்டுட்டு நீ இங்கன இருந்துருவியா?" என்று கேட்டாள்.

"மதினி, நீங்க குளிக்க வந்தீயளா, கோர்ட்டு நடத்த வந்தீயளா?" என்று அம்மா அடுக்களையிலிருந்து கேட்டாள். அத்தையே சிரித்துவிட்டாள். அப்பா சிரிக்கவில்லை. எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "பாக்கலாம்" என்றார்.

எங்கள் வீட்டில் 'பாக்கலாம்' என்றால் இல்லை என்று அர்த்தம். எனக்கு அழுகை முட்டியது, அதைவிட ஆத்திரம் முட்டியது. இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. வியாழக்கிழமை காலையில் அவர் அருவியைப் பார்த்துவிட்டு வந்து, வழக்கம்போல என் முன்னால் உட்கார்ந்து, "நல்லாத்தான் விழுது" என்றார். நான் ஒன்றும் குடையவில்லை. அவர் கொஞ்ச நேரம் காத்திருந்தார். நான் போனை எடுத்து, "நல்லாத்தான் விழுது" என்று மட்டும் அடித்துக் குரூப்பில் போட்டேன். 'ரூம் இருக்கிறது' கூடப் போடவில்லை. அவர் டீ டம்ளரோடு எழுந்து போனார்.

அரை மணி நேரம் ஆகவில்லை, அப்பாவின் போன் அடித்தது. மதுரையில் பாத்திரக்கடை வைத்திருப்பவர், நான் பாவாடை கட்டிய நாளிலிருந்து ஒவ்வொரு சீசனுக்கும் வருகிறவர். அப்பா வாசலில் நின்று பேசினார். நான் மாடிப்படித் திருப்பத்தில் நின்றேன். ஒட்டுக்கேட்பது என் பாடமாயிற்றே.

அவர் என்ன கேட்டார் என்பது அப்பாவின் பதிலிலிருந்து புரிந்தது. "பிள்ளைக்கு ஒடம்புக்கு ஒண்ணுமில்ல அண்ணாச்சி. எம் மேல கோவம். அதான் அப்படிப் போட்டுருக்கா." பிறகு கொஞ்சம் கேட்டுக்கொண்டிருந்தார். "காலேஜுக்கு மெட்ராஸ் போறா. இங்கிலீஷ் இலக்கியம். கதை கட்டுரையெல்லாம் எழுதச் சொல்லிக் குடுப்பாவளாம்." மறுபடியும் கேட்டுக்கொண்டிருந்தார். "இல்ல இல்ல, அவளுக்கு எழுதத் தெரியும். இன்னும் நல்லா எழுதுததுக்குப் போறா."

படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். போறா! என்னிடம் சொல்லவில்லை, அம்மாவிடம் சொல்லவில்லை, மதுரைப் பாத்திரக்கடைக்காரரிடம் சொல்லிவிட்டார். போனில் வாடிக்கையாளரிடம் சொன்ன வார்த்தையை அப்பா மாற்ற மாட்டார். எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. வாயைப் பொத்திக்கொண்டேன், ஏனென்றால் அவர் இன்னும் பேசிக்கொண்டிருந்தார். குரல் தணிந்திருந்தது. "அடுத்த சீசனுக்கு நீங்க கூப்பிட்டா நாந்தான் சொல்லணும் அண்ணாச்சி. எனக்கு அவள மாதிரிச் சொல்ல வராது. அவ இல்லாம எப்படின்னுதான் ரெண்டு நாளா மண்டையப் போட்டு உருட்டிக்கிட்டு இருக்கேன்."

அன்று மத்தியானமே தென்காசிக்குப் போய்ப் பணம் கட்டிவிட்டு வந்தோம். போகும்போதும் வரும்போதும் அப்பா வேறு எதையோ பேசினார். ஹீட்டர் ரிப்பேர், அத்தை ஊருக்குப் போகிற பஸ். நானும் மொபெட்டின் பின்னால் உட்கார்ந்து, ஆமாம் ஆமாம் என்று கேட்டுக்கொண்டே, இரண்டாம் வருஷச் சிறுகதைப் பட்டறையில் எண்ணெய்க்காரரை எந்த வரியில் மாடியேற்றுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். சாரல் முகத்தில் அடித்தது. அன்றைக்கு இருந்த சந்தோஷத்துக்கு நான் மொபெட்டிலிருந்து பறந்து விழாததே பெரிய காரியம்.

மறுநாள் விடியற்காலையில் அப்பா என்னை எழுப்பினார். "ஏட்டி, வா. இன்னைக்கு நீயும் வந்து பாரு" என்றார். அதுவரை ஒருநாளும் அந்த நேரத்தில் என்னைக் கூட்டிப் போனதில்லை.

மெயின் அருவிக்கு எட்டத்திலேயே கயிறு கட்டியிருந்தார்கள். தடை இன்னும் எடுக்கவில்லை. நாங்கள் கயிற்றுக்கு இந்தப் பக்கம், பூட்டிய பழக்கடையின் தார்ப்பாய்க்குக் கீழே நின்றோம். எனக்குக் கை பரபரத்தது. என்ன எழுதலாம் என்று வாய்க்குள் முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டேன். பிறகு சட்டென்று நிறுத்திக்கொண்டேன்.

"எப்பா, நான் இப்போ மெட்ராஸ்ல இருக்கேன்" என்றேன். "போன் போட்டுருக்கேன். தண்ணி எப்படி விழுது?"

அவருக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. சிரித்தார். தலையைச் சொறிந்தார். "நல்லாத்தான் விழுது" என்றார்.

வழக்கமாகக் குடைகிற எந்தக் கேள்வியையும் நான் கேட்கவில்லை. அவர் அருவியைப் பார்த்தார். தினமும் பார்க்கிறவர்தான், ஆனாலும் கண்ணை இடுக்கிக்கொண்டு புதிதாகப் பார்த்தார்.

"சத்தம் நம்ம வீட்டு முக்கு வரைக்கும் கேட்டுது" என்று மெதுவாக ஆரம்பித்தார். "வளைவு இருக்க இடமே தெரியல. தண்ணி செம்மண்ணு கலந்து டீ நெறத்துல வருது. அங்கன ஒரு போலீஸ்காரர் நிக்காரு. கையில குடை இருக்கு. ஆனா விரிக்கல. இந்தச் சாரலுக்கு விரிச்சும் பிரயோசனம் இல்லன்னு மடக்கிக் கக்கத்துல வச்சிக்கிட்டு நனைஞ்சிக்கிட்டே நிக்காரு."

போலீஸ்காரரை நான் கவனிக்கவே இல்லை. சத்தியமாகக் கவனிக்கவில்லை. திரும்பிப் பார்த்தேன். அப்படியேதான் நின்றுகொண்டிருந்தார், கக்கத்தில் குடையோடு.

"பொறவு?" என்றேன்.

"பொறவு என்னட்டி" என்றார் அப்பா, அருவியைப் பார்த்துக்கொண்டே. "ரூம் இருக்கு. எப்பவும் இருக்கும். வா."